வீட்டில் வறுத்த காப்பிக்கொட்டை: சட்டியில் கலக்காதீர்கள், கரண்டியில் கலந்து பாருங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, பிளாண்டேஷன் ஏ ஒரு கிலோ, பீபெரி அரைக் கிலோ, ரோபஸ்டா அரைக் கிலோ பச்சைக் கொட்டையாக வாங்கினேன். மூன்றிலும் கொஞ்சம் எடுத்து இரும்புச் சட்டியில் ஒன்றாகப் போட்டு வறுத்தேன். பாதி கருகிவிட்டது, பாதி வெளுப்பாகவே கிடக்கிறது. குடித்தால் புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வருகிறது. எந்த விகிதத்தில் கலக்க வேண்டும்? சிக்கரி எவ்வளவு?"

விகிதத்துக்கு அப்புறம் வருகிறேன் தம்பி, ஏனென்றால் உங்கள் சட்டியில் நடந்தது விகிதத் தப்பே இல்லை. துவரம்பருப்பையும் பாசிப்பருப்பையும் ஒரே பானையில் ஒரே நேரத்தில் வேகப் போட்டால் என்ன ஆகும்? ஒன்று குழைந்து கூழாகும்போது மற்றது விதைவிதையாக நிற்கும். அதேதான் இதுவும். பீபெரி உருண்டை. சட்டியில் உருண்டு ஓடி எல்லாப் பக்கமும் சூடு வாங்கிக்கொள்ளும். பிளாண்டேஷன் கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, அந்தப் பக்கம் சட்டியில் படிந்துவிட்டால் அங்கே மட்டும் தீயும். ரோபஸ்டா வேறு சாதி, அது சூடு வாங்குகிற வேகமும் வேறு. கருகியதிலிருந்து கசப்பும் வேகாததிலிருந்து புளிப்பும் ஒரே டம்ளரில் வந்து சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான். இனிமேல் ஒவ்வொரு கொட்டையையும் தனித்தனியாக வறுத்துவிட்டு அப்புறம் கலந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது பிடிக்காது. "பீபெரி பாதி, ஏ பாதி" என்று தலைமுறை தலைமுறையாகக் கடையில் கேட்டு வாங்குகிறோமே, ருசிக் கணக்கில் அது பெரும்பாலும் கலவையே இல்லை. பிளாண்டேஷன் என்பது பழத்தின் சதையை நீக்கிக் கழுவிக் காயவைத்த அரபிகா என்கிற காப்பிச் சாதிக்கு நம் நாட்டு வியாபாரப் பெயர். ஏ, பி, சி என்பதெல்லாம் எந்தச் சல்லடைத் துளையில் நின்றது என்பதற்கான எழுத்து. காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை ஒன்றோடொன்று முகம் ஒட்டி இருக்கும், சில பழத்தில் ஒன்றுதான் விளையும், அது உருண்டையாக வரும், அதுதான் பீபெரி. ஒரே தோட்டத்தில், ஒரே செடியில் பறித்த பழத்திலிருந்தே ஏ-யும் வரும் பீபெரியும் வரும். நீங்கள் கலந்தது உருவத்தை, ருசியை இல்லை.

இந்தப் பழக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1942-இல் வந்த காப்பிச் சட்டத்துக்குப் பிறகு 1990-களின் நடுப்பகுதி வரை தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில்தான் சேர்க்க வேண்டும். அங்கே எல்லாம் தரவாரியாக ஒன்றாகக் கலந்துவிடும். எந்த மலை, எந்தத் தோட்டம் என்கிற விவரம் அதோடு போயிற்று, ஏ, பி, பீபெரி என்கிற எழுத்துதான் நம் கைக்கு வந்தது. இன்றைக்கு அந்த நிலைமை இல்லை. கொட்டை வாங்கும்போது எந்த மலைக் கொட்டை என்று கேளுங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளைந்தது, ஏற்காட்டில் விளைந்தது, குடகில் விளைந்தது என்று வாங்கிக் கலந்தால் அதற்குப் பெயர் கலவை. அப்புறம் ரோபஸ்டாவிலும் பீபெரி உண்டு, ஆகவே வெறுமனே "பீபெரி" என்று சொல்லித் தருகிறவரிடம் எதில் பீபெரி என்று கேட்டுவிடுங்கள். நம் பக்கம் மலை இல்லையா என்று சிலர் ரோஷமாகக் கேட்கிறார்கள். மாஞ்சோலை பேர் வாங்கியது தேயிலையால். காப்பிக்கு நாம் வத்தலக்குண்டு பக்கம்தான் பஸ் ஏற வேண்டும். பட்டிவீரன்பட்டியில் கொட்டையைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கிற ஆலைகள் இருக்கின்றன.

சரி, வறுப்புக்கு வருவோம். நான் பத்து வருஷமாக ஒரே அடிகனத்த இரும்புச் சட்டியில்தான் வறுக்கிறேன். ஒரு தடவைக்கு 150 கிராம், அதற்கு மேல் போடமாட்டேன். சட்டி நிறையக் கொட்டினால் கீழே இருப்பது வறுபடும், மேலே இருப்பது அவியும். சட்டியை முதலில் நன்றாகச் சூடேற்றிவிட்டுக் கொட்டையைப் போட்டு, நடுத்தரத் தீயில் மர அகப்பையால் விடாமல் கிளற வேண்டும், விடாமல் என்றால் போன் அடித்தாலும் விடாமல். முதல் மூன்று நிமிஷம் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும், நனைந்த வைக்கோல் வாசம் வரும். ஐந்து நிமிஷ வாக்கில் பச்சை போய் மஞ்சளாகும், ரொட்டி சுடுகிற வாசம். அப்புறம் பழுப்பு, மெல்லிய புகை. ஒன்பது பத்து நிமிஷத்தில் சோளம் பொரிகிற மாதிரி பட் பட்டென்று வெடிக்கத் தொடங்கும். கொட்டையின் சூடு ஏறக்குறைய 195 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிக் கொட்டையை உடைக்கிற சத்தம் அது. அந்த வெடிப்பு அடங்கி ஓரிரு நிமிஷத்தில் இறக்கினால் நடுப்பதம். இன்னும் விட்டால் 225 டிகிரி பக்கத்தில் இரண்டாவது வெடிப்பு வரும். இது கடுகு பொரிந்து அடங்குகிற மாதிரி மெலிதாக, நெருக்கமாகக் கேட்கும். இதற்குள் போனால் மேலே எண்ணெய் பூக்கும், கருவறுப்பு. அதையும் தாண்டினால் கரிதான்.

ரோபஸ்டாவின் வெடிப்பு அரபிகா மாதிரி கணீரென்று காதில் விழாது. சத்தத்துக்குக் காத்திருந்து நான் இரண்டு தடவை கோட்டை விட்டிருக்கிறேன். அதற்கு நிறத்தையும் வாசத்தையும் நம்புங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு கொட்டையை எடுத்து ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள், முறுக்கு மாதிரி நொறுங்க வேண்டும், பல்லில் இழுத்தால் உள்ளே வேகவில்லை. உடைத்த கொட்டையின் உள்நிறமும் மேல்நிறமும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். மேலே கறுப்பாகவும் உள்ளே இளம் பழுப்பாகவும் இருந்தால் தீ அதிகம்.

இறக்கினதும் சட்டியிலேயே விட்டுவிடாதீர்கள், சூட்டிலேயே இன்னும் ஒரு பதம் ஏறிவிடும். சொளகில் கொட்டி மேசை விசிறிக்கு முன்னால் புடைக்க வேண்டும், நாலு நிமிஷத்துக்குள் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிடும். மேலே ஒட்டியிருக்கிற மெல்லிய வெள்ளித்தோல் இந்தப் புடைப்பில்தான் பறக்கும். ஆடிக் காற்றில் புறவாசலில் நின்று புடைத்தால் விசிறியே தேவையில்லை, ஆனால் அந்தத் தோல் எல்லாம் அடுத்த வீட்டுக் கொடியில் காய்கிற வேட்டியில் போய் ஒட்டும், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வறுக்கும்போது நெய் விடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பழைய ஆட்கள் விடுவார்கள். அன்றைக்கே அரைத்துக் குடிப்பதென்றால் சரி, ஒரு வாரம் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். நான் விடுவதில்லை.

வறுத்த அன்றைக்கே டிகாக்ஷன் போட்டுவிட்டு "நன்றாக வரவில்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம். புதிதாக வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய அடைந்திருக்கும். வெந்நீர் பட்டதும் பொடி நுரைத்துப் பொங்கி, பில்டருக்குள் அமுக்கி வைத்த தட்டையே தூக்கும், தண்ணீர் ஒழுங்காக இறங்காது, ருசியும் கரகரவென்று முரட்டுத்தனமாக இருக்கும். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். முதல் நாள் பாட்டில் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் வரை கொட்டை நல்ல வாசத்தோடு இருக்கும். அரைத்த பொடி மூன்று நாள் கூடத் தாங்காது.

இப்போது கலவை. மேலே இருப்பதையெல்லாம் தாண்டி வந்ததற்கு இந்த ஒன்றை மட்டும் செய்து பார்த்தால் போதும். கொட்டையைக் கலக்காதீர்கள், முதலில் டிகாக்ஷனைக் கலக்குங்கள். பிளாண்டேஷனை நடுப்பதத்தில் வறுத்து 20 கிராம் பொடி, 120 மில்லி வெந்நீர், ஒரு பில்டரில். ரோபஸ்டாவைக் கொஞ்சம் கூடுதலாக, இரண்டாவது வெடிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் இறக்கி, அதே அளவு பொடி, அதே அளவு தண்ணீர், இன்னொரு பில்டரில். இரண்டும் இறங்கியதும் நாலு சின்ன டம்ளரை வரிசையாக வைத்து, ஒன்றில் பிளாண்டேஷன் டிகாக்ஷன் மட்டும் பத்துக் கரண்டி (இரண்டு மில்லி பிடிக்கிற குட்டிக் கரண்டி), அடுத்ததில் எட்டும் இரண்டும், அடுத்ததில் ஏழும் மூன்றும், கடைசியில் ஆறும் நாலும். எல்லாவற்றிலும் ஒரே பாலை ஒரே அளவு ஊற்றிக் குடித்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் நாலு கலவை பார்த்தாயிற்று. இதையே கொட்டையில் செய்ய வேண்டுமென்றால் நாலு வாரம் ஆகும், அதற்குள் முதல் வாரத்துக் காப்பியின் ருசி மறந்துபோயிருக்கும்.

முதல் தடவை நான் செய்தபோது எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. ரோபஸ்டா என்றால் மட்டம், நூற்றுக்கு நூறு அரபிகாதான் உசத்தி என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஆள் நான். என் வீட்டுக்காரி டம்ளருக்கு அடியில் சீட்டு எழுதி ஒட்டி, வரிசையை மாற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். எனக்குப் பிடித்ததென்று நான் எடுத்தது மூன்றாவது டம்ளர். திருப்பிப் பார்த்தால் ஏழுக்கு மூன்று. எங்கள் வீட்டு ஆச்சி அதே டம்ளரில் மிச்சத்தைக் குடித்துவிட்டு, "இதுதான் காப்பி. அந்த முதல் டம்ளரை எனக்குக் காய்ச்சல் வந்தா குடு" என்றாள். அன்றிலிருந்து ரோபஸ்டாவைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை.

காரணம் பால். வெறும் டிகாக்ஷனாகக் குடித்தால் அரபிகாவின் பழப்புளிப்பும் பூவாசமும் தெரியும். அதில் இரண்டு பங்கு பாலும் ஒன்றரைக் கரண்டி சர்க்கரையும் போட்டால் அந்த நுணுக்கமெல்லாம் அமுங்கிப்போகும். ரோபஸ்டாவின் கனமும் கசப்பும் பாலைத் தாண்டி நிற்கும். காஃபீனும் அதில் ஏறக்குறைய இரட்டிப்பு, அரபிகாவில் ஒன்றேகால் சதவீதம் என்றால் ரோபஸ்டாவில் இரண்டுக்கு மேல். பால் காப்பிக்கு 20-லிருந்து 30 சதவீதம் ரோபஸ்டா என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால் நாக்கின் பின்பக்கம் ரப்பர் மாதிரி ஒரு வறட்சி தங்குகிறது. பாலில்லாமல் குடிப்பவர் என்றால் ரோபஸ்டாவே வேண்டாம், இரண்டு மலை அரபிகாவைக் கலக்குங்கள்.

கரண்டியில் பிடித்த விகிதத்தைக் கொட்டைக்கு மாற்றும்போது ஒரு இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். பச்சைக் கொட்டை எடையில் ஏழுக்கு மூன்று போட்டால் வறுத்த பிறகு அது ஏழுக்கு மூன்றாக இருக்காது. வறுக்கும்போது ஈரமும் வேறு சிலவும் போய் எடை குறையும், நடுப்பதத்தில் 15 சதவீதம் வாக்கில், கருக்கக் கருக்க இன்னும் கூடும். வறுத்த எடையில் 200 கிராம் கலவை வேண்டுமென்றால் பிளாண்டேஷன் 140, ரோபஸ்டா 60. பிளாண்டேஷன் 15 சதவீதம் குறைகிறது என்றால் பச்சையில் 165 கிராம் எடுக்க வேண்டும். ரோபஸ்டா 17 சதவீதம் குறைகிறது என்றால் 72 கிராம். ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்கிக்கொள்ளுங்கள், போட்ட எடை, இறக்கிய எடை, எத்தனை நிமிஷம் என்று நோட்டில் மூன்றே எண் எழுதுங்கள். எடைக் குறைவை வைத்தே போன வாரப் பதத்துக்கு இந்த வாரமும் வந்துவிட்டோமா என்று பிடித்துவிடலாம். நிறத்தைப் பார்க்கிற கண் குழல்விளக்கு வெளிச்சத்தில் ஒன்று சொல்லும், காலை வெயிலில் ஒன்று சொல்லும், தராசு அப்படி மாற்றிப் பேசாது.

வேறு கொட்டை கிடைக்காதவர்களுக்கு ஒன்று: ஒரே கொட்டையை இரண்டு பதத்தில் வறுத்துக் கலந்து பாருங்கள். முதல் வெடிப்பு அடங்கியதும் இறக்கியது மூன்று பங்கு, இரண்டாவது வெடிப்பில் இறக்கியது ஒரு பங்கு. இளவறுப்பின் வாசம் இருக்கும், கருவறுப்பின் கனமும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரே பதமாக வறுத்தால் இது கிடைக்காது, எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான். உங்கள் பீபெரியை இதற்குச் செலவழியுங்கள்.

சிக்கரி. அது காப்பியே இல்லை, ஒரு செடியின் வேர், குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது, வறுத்து அரைத்து வருகிறது. காஃபீன் கிடையாது. காப்பிப் பொடியைவிட அதிகமாக நீரில் கரையும், அதனால்தான் டிகாக்ஷன் கறுத்துக் கெட்டியாகத் தெரிகிறது, சொட்டுவதும் மெதுவாகிறது. சட்டப்படி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, பாக்கெட்டில் விகிதத்தை அச்சடிக்க வேண்டும். அதாவது 49 சதவீதம் சிக்கரி கலந்து விற்கிறவன் கூடச் சட்டத்துக்குள்தான் இருக்கிறான்! நான் சிக்கரிக்கு விரோதி இல்லை, பத்து சதவீதம் போட்டால் கல்யாண வீட்டுக் காப்பி ருசி வருகிறது, அந்த ருசியில் வளர்ந்த நாக்கு அதைத் தேடத்தான் செய்யும். ஆனால் கலவையைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் சிக்கரியைத் தொடாதீர்கள். வறுப்பில் செய்த தப்பையெல்லாம் அது மூடிவிடும், என்ன தப்பு என்றே தெரியாமல் போகும். வீட்டில் வறுக்கவும் முயலாதீர்கள், வறுத்ததையே கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர் என்பதால் கருப்பட்டியைச் சொல்லாமல் விட முடியாது. கருப்பட்டிக்கென்று தனிக் கலவை வேண்டும். அதன் புகைவாசமும் அடியில் ஓடுகிற மெல்லிய உப்பும் நல்ல அரபிகாவை அப்படியே விழுங்கிவிடும், விலை கொடுத்து வாங்கிய பிளாண்டேஷனை அதில் போட்டு வீணாக்காதீர்கள். ரோபஸ்டா பாதி, கருக்க வறுத்த அரபிகா பாதி, சிக்கரி வேண்டாம், ஒரு சிட்டிகை சுக்கு, பால் இல்லாமல். உடன்குடிக் கருப்பட்டி என்றால் இன்னும் விசேஷம். தட்டிப்போட்டுத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், மண் இருக்கும். பால் ஊற்றியே ஆகவேண்டும் என்றால் கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போடாதீர்கள், திரிந்துவிடும். பாலை இறக்கிச் சூடு தணிந்த பிறகு கடைசியில் சேருங்கள்.

தண்ணீரையும் ஒரு சரக்காகவே நினைக்க வேண்டும். இங்கே தாமிரபரணித் தண்ணீரில் துள்ளலாக வந்த அதே பொடியைத் திசையன்விளையில் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்த மாதிரி சப்பென்று கிடந்தது. கடினத் தண்ணீரில் இருக்கிற கார்பனேட்டுகள் காப்பியின் புளிப்பை முறித்துவிடும். அவள் வீட்டுக்கு இப்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இளம்பதத்தில் வறுத்துத்தான் அனுப்புகிறேன், புளிப்பு கூடுதலாக இருந்தால் முறிந்தது போக மிச்சம் இருக்குமே. கலவையை யார் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் குடிக்கப் போகிறீர்களோ அதே தண்ணீரில் சோதியுங்கள்.

ஒரு கூத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேற்குக் கடற்கரையில் மழைக்காலக் காற்றில் மாதக்கணக்கில் பரப்பி வைத்து ஊதிப் பெருக்க வைத்த மலபார்க் கொட்டை ஒன்று உண்டு, மான்சூன்ட் மலபார் என்பார்கள், வெளிறின நிறம், புளிப்பே இருக்காது, கலவையில் 20 சதவீதம் போட்டால் டிகாக்ஷன் வழுவழுவென்று இறங்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக நமக்கும்தான் சாரல் வருகிறது, நாமே செய்தால் என்ன என்று ஒரு ஆனி மாதம் தென்காசியில் மச்சினன் வீட்டுத் தட்டட்டித் தாழ்வாரத்தில் இரண்டு கிலோ பரப்பினேன். அங்கே கிடங்கில் ஆட்கள் மறுபடி மறுபடி கிளறி, சாக்கில் தளர்வாகக் கட்டி, அடுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நானோ பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு போனில் "காற்று வருதா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் பச்சைப் பூஞ்சணம். வறுத்தால் சரியாகிவிடும் என்று மச்சினன் சொன்னான். பூஞ்சணம் பிடித்த கொட்டையில் உண்டாகிற நஞ்சு வறுப்பில் முழுசாகப் போகாது, இரண்டு கிலோவையும் குப்பையில் கொட்டினேன்.

உங்களிடம் மிச்சமிருப்பதற்கு இப்படிச் செய்யுங்கள்: இந்த ஞாயிற்றுக்கிழமை பிளாண்டேஷன் 150 கிராம் மட்டும், அடுத்த நாள் ரோபஸ்டா 150. புதன்கிழமை இரண்டு பில்டர், நாலு டம்ளர். எந்த டம்ளர் என்று எழுதுங்கள், அதற்கு அப்புறம் சிக்கரியைப் பேசுவோம். பச்சைக் கொட்டையை அவசரப்பட்டுத் தீர்க்க வேண்டியதில்லை, ஈரம் படாத இடத்தில் துணிப்பையில் கட்டி வைத்தால் ஒரு வருஷம் தாராளமாக இருக்கும். எந்த வாடையையும் அது இழுத்துக்கொள்ளும், கருவாட்டுப் பானை இருக்கிற பரணில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.